தவுக்கேயின் கிளாஸ்

விஸ்கி உலகத்தை நடத்துகிறவர்கள் குடிப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் விஸ்கி ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். சங்கத்துக்கு ஒரு சிறு இதழ் உண்டு. அதில் உரையாடல் பக்கத்தை எழுதத் தொடங்கிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. எனக்கு வேலை கப்பல் சரக்குக் காப்புறுதியில். விஸ்கி எப்போதாவது, அதுவும் அரை கிளாஸ். சங்கத்துச் செயலாளர் என்னைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. "மத்தவங்க பேட்டி எடுத்தா தாங்க பேசினதத்தான் சார் எழுதுறாங்க. உங்களுக்கு அந்த வியாதி இல்ல" என்றார்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஓர் அம்மையாரைப் பங்சாரில் ஒரு ஹோட்டலில் சந்தித்தேன். எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. நாள் முழுக்க முகர்ந்து பார்ப்பேன், விழுங்குவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பார் முதலாளி இன்னும் வெளிப்படையாகப் பேசினார். "பீப்பாய், தண்ணி, ஊரு, எவன் சார் கேக்குறான்? பக்கத்து மேசைக்காரன் பன்னெண்டு வருஷச் சரக்குன்னா இவனுக்குப் பதினஞ்சு வருஷம் வேணும். அவ்வளவுதான் ரசனை." இரண்டையும் அப்படியே எழுதினேன். அச்சிலும் வந்தது.

அச்சில் வராதது, கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் குடியிருந்த, சங்கத்தில் எல்லாரும் பண்டமாரான்காரர் என்று சொல்கிற ஒருவர் என்னிடம் சொன்னது.

பெரிய விஸ்கி நிறுவனம் ஒன்றுக்கு அவர் பிராண்ட் அம்பாசடர். ஹோட்டல்களுக்கும் பார்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் போய் அந்த விஸ்கியைப் பழக்கப்படுத்துவது அவர் வேலை. இந்த ஊரில் பாதிப் பேர் விஸ்கியை நிதானமாகக் குடிக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். நிறுவனம் அனுப்பும் குறிப்புகளில் கிறிஸ்துமஸ் கேக், மலைப்புதர்ப் பூ என்றெல்லாம் எழுதியிருக்கும். அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "முந்திரிய நெய்யில போட்டு எடுக்க மறந்துட்டீங்க, கொஞ்சம் கருகிடுச்சு. அந்த வாசன வருதா?" என்பார். மேசையில் இருப்பவர்கள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, வருது வருது என்பார்கள். புகைவாசம் உள்ள விஸ்கியென்றால், "பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரயில் கட்டையில தார் பூசி வெயில்ல போட்டிருப்பானுங்களே, அது" என்பார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அந்த அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர்கூட ரயில் கட்டையை எழுதி வைத்துக்கொண்டார்.

இதழின் பக்கத்துக்காக அவரைச் சந்தித்தது பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில், மதிய நேரம். நாங்கள் ஒருவரையொருவர் அண்ணே என்றே கூப்பிட்டுக்கொண்டோம். யார் மூத்தவர் என்று கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சீனி போடாத தே ஓ சொன்னார். பால் இல்லாத அந்தக் கறுப்புத் தேநீரில் ஐஸ் போட்டு வந்தது. முகம் மஞ்சளாக இருந்தது. கடையின் விளக்கு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு பாதியில் இருக்கும்போது ரெக்கார்டரைக் காட்டி, "அத கொஞ்சம் அடைங்கண்ணே" என்றார். அடைத்தேன்.

"ஈரல் போயிருச்சு."

ரெக்கார்டரை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"இறுகிப்போச்சாம். மருந்துல திரும்பாது. வேற ஈரல் வைக்கணும். தம்பி பாதி தரேன்னு நிக்கிறான். ஆனா டாக்டரம்மா ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. ஆறு மாசம் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. ரத்தத்துல பாப்பாங்களாம். ஆறு மாசம் சுத்தமா இருந்தாத்தான் ஆபரேஷன் பேச்சே. நடுவுல ஒரு தடவ தொட்டாலும் மறுபடி முதல்லேருந்து."

"அப்ப வேலைய விட்டுடுங்கண்ணே."

"விட்டா ஆஸ்பத்திரி செலவுக்குக் கம்பெனி குடுத்த மெடிக்கல் கார்டும் போயிரும். கார்டு இல்லாம அந்த ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க முடியாது." கிளாஸை மேசையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "குடிக்க மாட்டேன்னு சொன்னா கம்பெனிக்காரன் டீலருங்க கிட்ட அனுப்ப மாட்டான். ஆபீஸ்ல உக்காருன்னு சொல்லுவான். ஆபீஸ்ல எனக்கு நாற்காலியே கெடையாது."

பிறகு தன் ஏற்பாட்டை விளக்கினார். விருந்துகளுக்குத் தன் கையிலேயே ஒரு பாட்டில் கொண்டுபோவார். லேபிள், மூடி எல்லாம் அசல். உள்ளே இருப்பது தே ஓ. நிறம் சரியாக வரும்வரை மனைவி வீட்டில் தண்ணீர் விட்டு விட்டுப் பார்த்தாராம். வாசனைக்கு விஸ்கியை விரலில் தொட்டுச் சட்டைக் காலரிலும் காதுக்குப் பின்னாலும் தடவிக்கொள்வார். "மஸ்ஜித் இந்தியா தெருவுல அத்தர் பூசிவிடுவாங்களே, அது மாதிரி" என்று சிரித்தார்.

"இத ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"மேசையில தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும்ணே. யாராச்சும் என் கிளாஸ்ல ஊத்த வந்தா பேச்ச மாத்தி விடணும். நீங்க எப்படியும் எழுதுறேன்னு எல்லா விருந்துக்கும் வர்றீங்க. உங்கள யாரும் கவனிக்க மாட்டாங்க."

அவமதிப்பாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் போன விருந்துகளுக்கெல்லாம் நானும் போனேன். அவருடைய தம்பிதான் காரில் கொண்டுவந்து விடுவார். துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், கனத்த உடம்பு. முதல் ஸ்கேனிலேயே அவருடைய ஈரலில் கொழுப்பு இருப்பது தெரிந்து, இளைத்தால்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் உள்ளே தேநீரைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது தம்பி கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். களைத்தால் காருக்குள் உட்கார்ந்து அவித்த முட்டை தின்பார், மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுவிட்டு.

"இவன் உடம்புல கொழுப்பில்லாத எடம் ஈரல் ஒண்ணுதான்னு நெனச்சேன்" என்றார் அண்ணன் ஒரு நாள். "கடைசியில அங்கயும் வாடகைக்கு விட்டுருக்கான்."

"பேசு, பேசு. நாசி லெமாக் கடைய தாண்டிப் போறப்ப கண்ண மூடிக்கிட்டு லோரி ஓட்டுறேன். யாருக்காக?"

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டாதடா. நீ செத்தா ஈரல் வீணாப் போயிரும்."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பின் இருக்கையில் இருக்கும் எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. தம்பியின் சட்டைகள் மாதாமாதம் தளர்ந்துகொண்டே வந்தன. அண்ணனின் சட்டைகளும் தளர்ந்தன, வயிறு மட்டும் முன்னால் வந்தது. இரத்தப் பரிசோதனைகள் சுத்தமாக இருந்தன. ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது டாக்டர் முதல்முறையாகத் தேதி என்ற சொல்லைச் சொன்னாராம். பண்டமாரான்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அன்று எனக்கும் ஒரு டப்பாவில் கேசரி கொடுத்தனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் தவுக்கேயின் மகள் கல்யாணம் வந்தது.

தவுக்கே என்றால் இங்கே முதலாளி. இவர் கிள்ளானில் மதுபான மொத்த வியாபாரம் செய்கிற சீனர். கிள்ளானிலிருந்து பூச்சோங் வரை எந்த மேசையில் எந்த பாட்டில் நிற்கும் என்பது அவருடைய தலையசைப்பில் இருக்கிறது. இதழுக்காக அவரிடமும் பேசியிருந்தேன். நல்ல விஸ்கி எது என்று கேட்டதற்கு, "கடையில தங்காதது" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த கேள்வி என்ன என்பதுபோல் பார்த்தார். பண்டமாரான்காரரை அவருக்கு உண்மையாகவே பிடிக்கும். "மச்சா" என்றுதான் கூப்பிடுவார். கிள்ளானில் வளர்ந்த சீனர்களுக்கு எங்கள் தமிழில் இந்தச் சொல்லும் இன்னும் சில கெட்ட சொற்களும் நன்றாகத் தெரியும்.

சீனக் கல்யாண விருந்தில் யாம் செங் என்று ஒன்று உண்டு. மணமக்களோடு எல்லாரும் எழுந்து கிளாஸைத் தூக்கிக்கொண்டு "யாஆஆஆம்" என்று மூச்சு இருக்கும்வரை இழுக்க வேண்டும். மூச்சு தீர்ந்ததும் "செங்!" என்று கத்திவிட்டுக் கிளாஸைக் காலி செய்ய வேண்டும். யார் நீளமாக இழுக்கிறார்கள் என்பதில் பெருமை. பிறகு கல்யாண வீட்டார் மேசை மேசையாக வந்து மறுபடி இழுப்பார்கள். விஸ்கிக்காரர்கள் மேசையென்றால் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும்.

இது எல்லாமே அவர் கணக்கில் இருந்ததுதான். பாட்டில் தன் காலடியில், கிளாஸ் தன் கையில். முதல் யாம் செங் நல்லபடியாகப் போனது. யாரோ ஊற்ற வந்தபோது நான் அவரைப் பிடித்து மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேன். அந்த ஆள் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அப்புறம் தவுக்கே வந்தார். முகம் சிவந்திருந்தது. அழுதிருந்தார் என்று நினைக்கிறேன், ஒரே மகள். பண்டமாரான்காரரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"மச்சா! இத்தன வருஷம் நீ எனக்கு ஊத்துன. இன்னிக்கி என் கிளாஸ்ல நீ குடி, உன் கிளாஸ்ல நான் குடிக்கிறேன். அண்ணன் தம்பி மாதிரி லா!" என்றார் மலாயில்.

மேசை கைதட்டியது. தவுக்கேயின் கை அவருடைய கிளாஸை நோக்கி வந்தது. அதில் தேநீர் இருப்பது அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மகள் கல்யாணத்தில், தன் ஆட்கள் முன்னால், இவ்வளவு நாளும் இவன் தேநீரைத் தூக்கிக்காட்டி ஏமாற்றினான் என்று அந்த மனிதர் தெரிந்துகொள்ள இன்னும் ஒரு விநாடிதான் இருந்தது. நான் எழுந்து வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கிளாஸ் கை மாறுகிறபோது அது கவிழ்ந்தது. பண்டமாரான்காரர்தான் கவிழ்த்தார். மேசை விரிப்பில் தேநீர் பரவியது, ஐஸ் என் காலடியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். "இப்பவே மாபோக்!" என்று ஒருவர் கத்தினார். அவருக்குப் போதை ஏறிவிட்டதாம். தவுக்கேயும் சிரித்தபடி மேசை பாட்டிலிலிருந்து தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார். தேநீர் விஷயம் தப்பியது. ஆனால் தவுக்கேயின் பழைய கிளாஸ், முக்கால்வாசி விஸ்கியோடு, இவருடைய கைக்கு வந்திருந்தது. தோளைச் சுற்றித் தவுக்கேயின் கை. பத்துப் பேர் வாயைத் திறந்து இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த யாம் எவ்வளவு நீளம் போனது என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தவுக்கேயைப் பார்த்தார். செங் என்றதும் குடித்தார். வாயில் வைத்துத் துப்பிவிட முடியாது; தவுக்கேயின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விழுங்கியது எனக்குத் தெரிந்தது. காலி கிளாஸை அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அது தொழில் பழக்கம்.

காரில் திரும்பும்போது தம்பிக்கு எதுவும் தெரியவில்லை. எல்லா நாளும் அண்ணன் மீது விஸ்கி வாசம் வரும், அன்றும் வந்தது. "இன்னிக்கி மூணு சுத்து கூட நடந்தேன்" என்று மட்டும் சொன்னார். "பேஷ்" என்றார் அண்ணன்.

அடுத்த பரிசோதனைக்கு அண்ணனும் அக்காவும் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வரை வந்தார்கள். தம்பிக்கு வேலை, அதனால் நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அக்கா ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் எந்த அறையில் படுக்க வைப்பது என்று பேசிக்கொண்டு வந்தார். கழிவறைக்குப் பக்கத்து அறைதான் வசதி, ஆனால் அதில் வெயில் அடிக்கும், திரை வாங்க வேண்டும். அண்ணன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொன்னார். டாக்டர் இரத்தம் எடுக்கச் சொல்லுமுன்பே அண்ணன், "நான் குடிச்சேன் டாக்டர்" என்றாராம். எவ்வளவு என்று கேட்டதற்கு அளவையும் சரியாகச் சொன்னாராம். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, சொன்னது நல்லது, சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம் என்றாராம். திட்டவில்லை. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்ததாம். திட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த அக்கா என்னைப் பார்த்து, "நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?" என்றார்.

"இருந்தேன் அக்கா."

"வேற வழி இருந்துச்சா?"

"யோசிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன் அக்கா. தெரியல."

தலையை ஆட்டினார். அதன்பின் அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. அவர் கணவரிடம் கேட்டிருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் நான் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தபோது காதில் விழுந்தது: "அந்தாளு கோவிச்சுக்கிட்டா என்ன இப்போ? கோவிச்சுக்கிட்டுப் போகட்டுமே!" அதற்கு அவர், "பொண்ணு கல்யாணம்டீ. அழுதுக்கிட்டு வந்து நிக்கிறாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மெடிக்கல் கார்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆறு மாதத்தில் அவரால் விருந்துகளுக்குப் போக முடியவில்லை. நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது. மெடிக்கல் கார்டைப் பறிக்கவில்லை, அதையும் இங்கே எழுத வேண்டும். மேலாளர் பழக்கூடையோடு வந்து, முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். பண்டமாரான்காரர், "சொல்லியிருக்கலாம் பாஸ்" என்றார். வயிற்றில் நீர் கோத்து வாராவாரம் எடுத்தார்கள். சில நாள் பேச்சு தடுமாறும். ஒரு நாள் என்னிடம், ரயில் கட்டையின் வாசம் இப்போதெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் வருகிறதா என்று கேட்டார். இல்லை, கான்கிரீட் கட்டை போட்டுவிட்டார்கள் என்றேன். "அப்ப அந்த விஸ்கிய எப்படிப் புரிய வைப்பானுங்க?" என்றார் கவலையோடு. தம்பி அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தார். பண்டமாரான் பள்ளித் திடலில், காலையில், மழையானாலும்.

நான்காவது மாத முடிவில் அண்ணன் போய்விட்டார்.

சாவு வீட்டுக்குத் தவுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வெள்ளைக் கவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் போய் நின்றார். அவர் மலாயில் பேசினார், ஆனால் அக்கா என்ற சொல்லைத் தமிழில் சொன்னார்.

"அக்கா, உன் புருஷன் மாதிரி ஆளு கெடையாது லா. என் பொண்ணு கல்யாணத்துல என் கிளாஸ வாங்கி என் கண்ணு முன்னாடி குடிச்சான். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. எல்லார் முன்னாடியும் எனக்கு மரியாதை குடுத்தான். நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

தம்பி எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அந்தக் கை நான் எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தது.

"தெரியும் தவுக்கே. சொன்னாரு" என்றார் அக்கா மலாயில். பிறகு, "உங்களுக்கு வேர்க்குது. ஃபேன் பக்கமா உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

அவர் உட்கார்ந்து அழுதார். உண்மையாகத்தான் அழுதார். யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை, இன்றுவரை.

அந்த மாத இதழுக்கு அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கருகிய முந்திரியைப் பற்றியும் ரயில் கட்டையைப் பற்றியும் எழுதினேன். செயலாளர் மேலே ஒரு படம் போட்டார். அவர் கிளாஸைத் தூக்கிப் பிடித்திருக்கிற படம். எந்த விருந்து என்று எனக்குத் தெரியும், கிளாஸில் இருந்தது என்ன என்றும் தெரியும்.

கருமாதி முடிந்த வாரம் தம்பி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தார். சாப்பிடுவோம் என்று உட்கார்ந்தோம். பரோட்டா சொன்னேன். அவர் எண்ணெய் இல்லாத தோசை சொன்னார். சொல்லிவிட்டு, இனி எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரரைத் திரும்பக் கூப்பிடப் பார்த்தார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து மெசேஜ் வந்திருக்குண்ணே. அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன். அவங்க என் பேர இன்னும் எடுக்கல போல."

"நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

ஈரல் மாற்றுப் பிரிவில் இருக்கும் தாதி அவருக்குப் பழக்கம். எத்தனை கிலோ குறைத்தார் என்று மாதாமாதம் கேட்டுக் கைதட்டுகிறவராம். போனில் அவரிடம் செய்தியைச் சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ பேசினார்கள். "ஆமா மிஸ். தள்ளிப் போட வேணாம். பேர எடுத்துருங்க" என்றார். போனை வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"மிஸ், போன தடவ ஸ்கேன் எடுத்தீங்களே, அதுல கொழுப்பு எறங்கியிருந்துச்சா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

காத்திருந்தார். தாதி தாள்களைப் புரட்டியிருக்க வேண்டும். பிறகு தலையை இரண்டு மூன்று தடவை ஆட்டிவிட்டு, "தேங்க்யூ மிஸ்" என்று போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ரெடியா இருந்துச்சாம்ணே" என்றார்.